எடைமேடைக் கிராணியின் பரிந்துரை

குணாளன்,
பகாவ் டேவானில் ஆண்டு விழாவுக்கு
என்ன நாடகம் போடலாம் என்று கேட்டாய்.
போன வருஷத்ததையே போடலாமே என்று
நீயே பதிலும் எழுதியிருந்தாய், அடைப்புக்குறிக்குள்.

போன வருஷம் எமதர்மன் கோலாலம்பூருக்கு வந்தான்.
அதற்கு முந்தின வருஷமும் வந்தான்.
இரண்டு தடவையும் மீசை கழன்றது.
சிரித்தோம், சரி.
இந்த முறை அவனுக்கு விசா கொடுக்காதே.

வந்தவை பதினோரு கையெழுத்துப் பிரதிகள்.
லோரிக்கும் லோரிக்கும் நடுவில் படித்தேன்.
சில தாள்களில் செம்பனை எண்ணெய்;
எழுதியவர்களிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

முதலில் ரூபவதியின் 'ஐந்தே முக்கால் வேன்'.
கையுறை ஆலைக்குப் போகும் ஏழு பெண்கள்,
நாற்பது நிமிடம்.
யாரும் இறங்குவதில்லை, யாரும் அழுவதில்லை.
ஒருத்தி தொடக்கம் முதல் தூங்குகிறாள்,
அவள் தூக்கம் கலையக் கூடாதென்று
மற்ற ஆறு பேரும்
கிசுகிசுத்தே சண்டை போடுகிறார்கள்.
செலவு ஏழு பிளாஸ்டிக் நாற்காலி.
தூங்குகிறவளுக்குத்தான் நல்ல நடிகை வேண்டும்.
சும்மா கண்ணை மூடத் தெரிந்தவள் போதாது.

பெயர் போடாமல் ஒருவர் அனுப்பியது 'கார்டு நிறம்'.
முகப்பில் ஓர் அதிகாரி, எதிரில் அறுபது வயசு மனிதர்.
பிறந்தது எங்கே?
தோட்டத்துப் பெயரைச் சொல்கிறார். வரைபடத்தில் இல்லை.
டிவிஷன் நம்பரைச் சொல்கிறார். இல்லை.
அங்கே இப்போது கோல்ஃப் திடல்;
பதினான்காவது குழிக்குப் பக்கம் என்கிறார்.
பாதி வசனம் மலாய்.
இடைநிலைப் பள்ளி ஃபைசாலைக் கேள், மறுக்க மாட்டான்.
அவனை வில்லனாக்கிவிடாதே.
மணி ஒன்று ஆகிறது,
அந்த அதிகாரிக்கும் பசிக்கிறது.
நாடகமே அந்தப் பசியில்தான் இருக்கிறது.

ஆரோக்கியநாதன் எழுதியதில்
முப்பத்திரண்டு பாத்திரம், ஒரு வெள்ளம், ஒரு யானை.
நம்மால் முடியாது.
ஆனாலும் திருப்பி அனுப்பிவிடாதே,
ராத்திரி தனியாக உட்கார்ந்து படி.
யானை வரும்.

ஏழு பிரதிகளைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கடைசியாக ஒன்று.
இதைப் பற்றி எழுதத்தான்
மூன்று நாளாகப் பேனாவைத் திறந்து மூடினேன்.

'கழிவு'.
எழுதியவன் லிங்கேஸ், லோரிக் கிளீனர்,
இருபத்திரண்டு வயசு, எழுத்துப்பிழை நிறைய.
நாலு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் குலை கொண்டுவருகிறார்.
எடைமேடைக் கிராணி
தராசில் ஏதோ தில்லுமுல்லு செய்கிறாள்.
அவளுக்குப் பச்சை பாஜு குரோங்,
காதோரம் செருகிய பேனா.

அங்கேதான் பையன் தப்பு விட்டிருக்கிறான்.
தராசை யாரும் தொடுவதில்லை.
எடை தானாக அச்சாகும், பொய் சொல்லாது.
பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்:
பழுக்காத குலை, நீளக் காம்பு,
கழிவு இத்தனை விழுக்காடு.
அதைக் கையால் எழுதுவோம்.
மூன்று வர வேண்டிய இடத்தில் ஐந்து.
குரல் உயராது. கை நடுங்காது.
ரசீதை நீட்டும்போது
வெயில் அதிகம் இல்லையா அண்ணே என்றுகூடக் கேட்போம்.

எழுதுவோம் என்று சொல்லிவிட்டேன்.
எழுதினேன்.
எட்டு வருஷம்.
மேனேஜர் சொன்னார் என்பது
நாடகத்தில் வர வேண்டாம்; அவர் சொன்னது உண்மைதான்,
ஆனால் பேனா என் காதோரத்தில் இருந்தது.

இதைப் போடு, குணாளன்.
மற்ற இரண்டுக்கும் பணம் போதவில்லை என்றால்
இதை மட்டுமாவது போடு.
கிராணியாக வேறு யாராவது நடிக்கட்டும்,
எனக்கு மேடையில் கை எங்கே வைப்பதென்று தெரியாது.
பக்கத் திரைக்குப் பின்னால்
ஒரு முக்காலி மட்டும் போட்டு வை.
வசனம் மறந்தால் எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டுமே.
எனக்கு மனப்பாடம்.

காம்புக் கணக்கை மட்டும் திருத்தச் சொல் பையனிடம்.
யார் சொன்னது என்று கேட்டால்
பெயரைச் சொல்.

தவமலர்